சீமாட்டி ஒருக்களித்துப் படுத்த நாள்

லிங்கன் நகரத்துப் பேராலயத்தில் அறுநூறு வருஷங்களுக்கும் மேலாக மல்லாந்து கிடந்த கல் சீமாட்டி இடப்பக்கமாக ஒருக்களித்துப் படுத்தது மார்ச் மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, முற்பகல் பதினொன்றேகால் மணிக்கு. அவளைத் திருப்பிப் படுக்கவைத்தவள் சாயர்புரத்து எமிமாள். அவள் அதற்காக அந்த ஊருக்குப் போகவில்லை. ஊர் பார்க்கத்தான் போனாள்.

எமிமாளுக்கு அப்போது நாற்பத்து நான்கு வயது. தகப்பன் இறந்தபின் வீட்டைத் தாங்குவதற்காகக் கல்யாணத்தைத் தள்ளிப்போட்டு, தள்ளிப்போட்டு, அதைப் பற்றி யாருமே கேட்காத வயதுக்கு வந்துசேர்ந்து, தூத்துக்குடி ஆஸ்பத்திரி ஒன்றில் பதினெட்டு வருஷம் நர்சாக நின்று, பிறகு கடல் தாண்டி, இங்கிலாந்தில் கிரிம்ஸ்பி என்ற மீன்பிடி ஊரில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலைக்குச் சேர்ந்தவள். அங்கே முப்பத்தோரு பேர். அவர்களைக் குளிப்பாட்டி, ஊட்டிவிட்டு, உடுப்பு மாற்றி, தானாகப் புரள முடியாத பதினொரு பேரை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகத் திருப்பிப் போடுவது அவள் வேலை. அந்த மாதம் இரண்டு பேர் வேலையை விட்டு நின்றுவிட்டதால் பத்தொன்பது நாள் தொடர்ந்து ஓடி, இருபதாவது நாள்தான் அவளுக்கு லீவு கிடைத்தது. தூங்கியிருக்கலாம். தூங்கத்தான் நினைத்திருந்தாள். ஆனால் அந்த நாட்டுக்கு வந்த பதினாலு மாதத்தில் இல்லத்தையும் பஸ் நிறுத்தத்தையும் காய்கறி வாங்கும் கடையையும் தவிர அவள் எதையும் பார்த்ததில்லை. ஊரில் அம்மாவை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்த தங்கை ராகேல் போனில் கூப்பிடும்போதெல்லாம், "இங்கிலாந்துல இருக்கன்னுதான் பேரு. ஒரு கோட்டை உண்டா, ஒரு அரமனை உண்டா, ஒரு போட்டோவாது அனுப்புனியாக்கா?" என்று கேட்டுக் கேட்டுச் சலித்திருந்தாள். அதனால் எமிமாள் டப்பாவில் தேங்காய்ச் சோறு எடுத்துக்கொண்டு, இரண்டே பெட்டி கொண்ட ரயிலில் ஏறி, ஜன்னல் கண்ணாடியில் தலையை இடித்து இடித்துத் தூங்கியபடியே லிங்கனில் வந்து இறங்கினாள்.

அந்த ஊரில் ரயில் நிற்பது பள்ளத்தில், பார்ப்பதற்கு உள்ளதெல்லாம் மேட்டில். ஆற்றுப் பாலத்தின் மேலேயே வீடு கட்டியிருந்ததை அவள் பார்த்தாள், வீட்டின் மரச்சட்டங்கள் மெலிந்த உடம்பின் விலா எலும்புபோல வெளியே தெரிந்ததைப் பார்த்தாள், பாலத்துக்கு அடியில் அன்னங்கள் காகிதத்தைக் கொத்திக்கொண்டு மிதந்ததைப் பார்த்தாள், தெருவுக்குக் குறுக்கே நின்ற பழைய கல்வாசலுக்குள் நுழைந்து, கடைகள் குறுகிக் குறுகி வர, தெரு நிமிர்ந்து நிமிர்ந்து எழும்ப, செங்குத்து மலை என்றே பேர் வைத்திருந்த அந்தக் கல் பாவிய தெருவில் இரும்புக் கைப்பிடியைப் பிடித்துப் பிடித்து ஏறினாள். அங்கே ஏறுகிறவர்கள் எல்லோரும் பத்தடிக்கு ஒரு தடவை நின்று, கடைக் கண்ணாடியை வேடிக்கை பார்க்கிற பாவனையில் மூச்சு வாங்கினார்கள். எமிமாளும் பழைய புத்தகங்களையும் தேநீர்க் கோப்பைகளையும் யாரோ அணிந்து கழித்த தொப்பிகளையும் பார்த்தாள். ஒன்றும் மனதில் நிற்கவில்லை. கால் வலித்தது. "பாதி தாண்டிட்டீங்க, டக்" என்று எதிரே இறங்கி வந்த ஒருவர் சொல்லிவிட்டுப் போனார். அந்தப் பக்கத்துக்காரர்கள் பிரியமாக இருக்கும்போது யாரையும் வாத்து என்றுதான் கூப்பிடுவார்கள்.

மேலே வந்ததும் ஒரு பக்கம் கோட்டை, ஒரு பக்கம் பேராலயம். கோட்டை மதிலில் சுற்றி நடக்கலாம் என்று எழுதியிருந்தது. நடப்பது என்ற சொல்லைப் படித்ததும் அவள் பேராலயத்துக்குத் திரும்பிவிட்டாள். அங்கே நாற்காலி இருக்கும்.

எங்கள் பக்கத்து நாசரேத் கோயிலையும் மெஞ்ஞானபுரம் கோயிலையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாலும் கூரை தொடாத உயரம் அது. ஈஸ்டருக்கு முந்தின லெந்து தவக்காலம் என்பதால் பீடத்தில் பூ இல்லை. முழங்கால்படியிட்டால் எழுந்திருக்க முடியாது என்று நின்றபடியே ஜெபித்துவிட்டு, கூட்டமில்லாத வடக்கு நடையில் ஒரு கல்லறைக்குப் பக்கத்தில் கிடந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். கல்லறையின் மேல் பால் நிறப் பளிங்கில் செதுக்கிய புருஷனும் மனைவியும் பக்கம் பக்கமாக மல்லாந்து கிடந்தார்கள். அவருக்குக் கவசம், அவளுக்கு மடிப்பு மடிப்பாக அங்கி. இருவருமே கை கூப்பியிருந்தார்கள். போன் அடித்தது. ராகேல்.

"எங்கக்கா இருக்க?"

"ஒரு பெரிய கோயில்ல. ஊர் பாக்க வந்தேன்."

"ஊர் பாக்கியா, பாரு பாரு." ராகேலின் குரல் காலையிலிருந்து யாரிடமும் பேசாத குரலாக இருந்தது. "அம்மைக்கு இடுப்புக்குக் கீழ தோலு செவந்து போச்சு. நேத்து சும்மா செவப்பாத்தான் இருந்துச்சு. இன்னைக்குத் தொட்டா மொனங்குதா."

"ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்க பெரட்டிப் போடணும்னு சொன்னேன்லா?"

"பெரட்டாமலா இருக்கேன்? ராத்திரி பகலா நான் ஒத்தையிலதான பெரட்டுதேன்? நீ அங்க இருந்துக்கிட்டு சொல்லிருவ. நான் என்ன கல்லா?" என்று சொல்லி ராகேல் வைத்துவிட்டாள்.

எமிமாள் போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பக்கவாதம் வந்து பேச்சு நின்றுபோன அம்மாவை அவள் கடைசியாகத் தொட்டுப் பதினாலு மாதம் ஆகியிருந்தது. பதினொரு பேரை ஒரு நாளைக்கு ஆறு தடவை திருப்புகிற கை அவளுடையது, அந்தக் கை அம்மாவின் முதுகுக்கு எட்டவில்லை. எவ்வளவு நேரம் அப்படி இருந்தாளோ, நிமிர்ந்தபோது கண்ணுக்கு நேரே கல் சீமாட்டியின் பாதம் தெரிந்தது. மெத்தை இல்லை, தலையணை இல்லை. குதிகால் வெறும் பலகைக் கல்லில் அழுந்திக் கிடந்தது. அவள் கை யோசிக்கவில்லை. பத்தொன்பது நாள் செய்ததையே இருபதாவது நாளும் செய்தது. குதிகாலுக்கு அடியில் விரலை நுழைத்துப் பார்த்தது.

விரல் நுழைந்தது.

எமிமாள் எழுந்து நின்று, ஒரு கையைச் சீமாட்டியின் தோளிலும் ஒரு கையை இடுப்பிலும் வைத்து, இல்லத்தில் ஆங்கிலத்தில் சொல்கிற வாசகத்தை அன்று அசதியில் தமிழிலேயே சொன்னாள். "அம்மா, லேசா இந்தப் பக்கமா திரும்பிக்கிடுவோமா?" சொல்லிவிட்டுக் காத்திருந்தாள். பிறகு திருப்பினாள். நெடுநாள் படுக்கையில் கிடந்த ஒரு மெலிந்த பெண்ணின் கனம் என்னவோ அந்தக் கனம்தான் இருந்தது. சீமாட்டி கூப்பிய கை கூப்பியபடியே இடப்பக்கமாக ஒருக்களித்தாள். ஒரு நீண்ட மூச்சு அந்த நடையில் கேட்டது, அவ்வளவுதான்.

கறுப்பு அங்கி போட்ட ஒருவர் விரைந்து வந்தார். அவர் பெயர் மால்கம். பேராலயத்தைத் திறப்பதும் பூட்டுவதும் மெழுகுவர்த்தி ஏற்றுவதும் அவர் வேலை. எங்கள் பக்கம் கோயில்குட்டியார் என்போமே, அந்த வேலை.

"மேடம், சிலைகளைத் தொடக்கூடாது" என்று ஆரம்பித்தவர், பார்த்துவிட்டு நின்றார். "இவங்க மேலே பார்த்துல்ல படுத்திருந்தாங்க?"

"ஆமா. எத்தனை நாளா அப்படி?"

"ஆயிரத்து முந்நூற்று எண்பத்தொன்பதிலிருந்து."

"முதுகைப் பாருங்க."

மால்கம் டார்ச் அடித்துக் குனிந்தார். தோள்பட்டை இரண்டிலும், இடுப்பெலும்புக்கு நடுவிலும், குதிகாலிலும், பின்மண்டையிலும் பளிங்கு செந்நிறமாகக் கன்றிப் பள்ளம் விழுந்திருந்தது. இடுப்பில் ஒரு முட்டை வைக்கும் ஆழம்.

"இதை இதுவரை யாருமே பார்த்ததில்லை" என்றார் மால்கம், தாழ்ந்த குரலில்.

"மல்லாந்து கிடக்கிறவங்க முதுகை யாரும் பாக்கிறதில்லை. அதனாலதான் அது புண்ணாகுது. முழங்காலுக்கு நடுவில் வைக்க மெத்துன்னு ஏதாவது இருக்கா?"

அவர் ஓடிப்போய், ஜெபிக்கிறவர்கள் முழங்காலுக்கு இட்டுக்கொள்கிற சின்ன மெத்தைகளை அள்ளிக்கொண்டு வந்தார். ஊர்ப் பெண்கள் கம்பளி நூலில் பூவும் மீனும் பின்னிய மெத்தைகள். எமிமாள் ஒன்றை முழங்கால்களுக்கு நடுவிலும் ஒன்றைக் கணுக்காலுக்கு அடியிலும் ஒன்றை முதுகுக்கு அணையாகவும் வைத்தாள். அப்போது ஹிலரி என்ற வழிகாட்டிப் பெண்மணி, ஓய்வு பெற்ற சரித்திர ஆசிரியை, பதினைந்து சுற்றுலாக்காரர்களை நடத்திக்கொண்டு அந்தப் பக்கம் வந்து சேர்ந்தார். அவர் இருபது வருஷமாக அந்த இடத்தில் ஒரே வாசகங்களைச் சொல்லி வந்தவர். வாயைத் திறந்தார், பார்த்தார், மூடினார், மறுபடி திறந்தார். "இது சர் கில்பர்ட்டும் அவருடைய மனைவி சீமாட்டி அவிஸும். எட்டுப் பிள்ளை பெற்றவர். இருவரும் விண்ணை நோக்கி…" என்று நிறுத்தி, "சர் கில்பர்ட் விண்ணை நோக்கிப் படுத்திருக்கிறார். சீமாட்டி இடப்பக்கமாகப் படுத்திருக்கிறார்" என்று முடித்தார். சுற்றுலாக்காரர்களில் ஒருவர்கூடச் சத்தம் போடவில்லை. ஒருவர் பின் ஒருவராக வரிசை கட்டி நின்று, குனிந்து முதுகைப் பார்த்து, "அடடா" என்று சொல்லி நகர்ந்தார்கள். வரிசை நின்றால் அந்த நாட்டில் மேலும் ஆள் வந்து நிற்பார்கள். அரை மணி நேரத்தில் வரிசை மேற்கு வாசல் தாண்டி வெளியே போயிற்று.

பேராலயத்தின் தலைமைக் குருவானவர் ஒரு பெண்மணி, டீன் என்பார்கள். ஜலதோஷத்தில் மூக்கு சிவந்திருந்தது. கூரை ஒழுகுகிறது என்று சொன்னால் எப்படிக் கேட்பாரோ அப்படிக் கேட்டுக்கொண்டார்.

"இப்போ நாங்க என்ன செய்யணும்?"

"ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்பணும்."

"எத்தனை நாளைக்கு?"

"புண் ஆறுற வரைக்கும்" என்றாள் எமிமாள். "ஆறினப்புறமும்."

டீன் மூக்கைத் துடைத்துக்கொண்டார். பேராலயத்தின் கல்தச்சர் வந்து புண்ணைப் பார்த்து, சுண்ணாம்புச் சாந்து வைத்து அடைத்துவிடலாமா என்றார். வேண்டாம், காற்று பட்டால் போதும், அழுத்தம் படாமல் இருந்தால் போதும் என்றாள் எமிமாள். அவர் தன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

அவள் அந்த நேரத்திலேயே கிளம்பியிருக்கலாம். கோட்டை அடுத்த வாசல். ஆனால் ஒன்றேகாலுக்குத் திருப்ப வேண்டுமே என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்ற அந்த மனிதர்களை அவள் கண்டாள், வேலைக்குச் சேர்ந்த முதல் நாளில் எல்லோரும் அப்படித்தான் நிற்பார்கள். நாற்காலியில் மறுபடி உட்கார்ந்து தேங்காய்ச் சோற்றைத் தின்றாள். யாரோ ஒரு கோப்பைத் தேநீர் கொண்டுவந்து வைத்தார்கள்.

ஒன்றேகாலுக்கு மால்கம் சட்டைக் கையை மடக்கிக்கொண்டு முன்னால் வந்தார். அவரோடு மேட்டுத் தெருவில் கறிக்கடை வைத்திருந்த கீத், அரை மாட்டைத் தோளில் தூக்குகிறவர், ஏப்ரனோடே வரிசையில் நின்று வந்தவர். இருவரும் தோளையும் இடுப்பையும் பிடித்து இழுத்தார்கள். பாறையை இழுத்ததுபோல இருந்தது.

"கேக்காம செய்றீங்க" என்றாள் எமிமாள்.

மால்கம் தொண்டையைச் செருமி, "சீமாட்டி அவர்களே, உங்களைத் திருப்பலாமா?" என்று கேட்டபடியே இழுத்தார். அசையவில்லை. அந்தக் காலத்துப் பிரபுக்கள் வீட்டில் பிரெஞ்சுதான் பேசினார்கள் என்று ஹிலரி நினைவுபடுத்த, வரிசையில் நின்ற ஒரு பிரெஞ்சுக்காரரைக் கூட்டிவந்து கேட்கச் சொன்னார்கள். அசையவில்லை.

"பாஷை இல்லை" என்றாள் எமிமாள். களைப்பில் அவளுக்குக் கொஞ்சம் கோபமும் வந்தது. "கேட்டுட்டுக் காத்திருக்கணும்."

"எவ்வளவு நேரம்?"

"அவங்க சரின்னு சொல்ற வரைக்கும்."

"அவங்க கல்லாச்சே" என்றார் கீத், தயங்கி.

"எங்க இல்லத்தில் பாதிப் பேருக்குப் பேச்சு கிடையாது. வாய்தான் பேசாது. தோளில் கை வெச்சுக் கேட்டுட்டு, சும்மா நில்லுங்க. சரின்னா உடம்பு இளகும், வேண்டாம்னா இறுகும். கைக்குத் தெரியும்."

கீத் தன் பெரிய கையைக் கல் தோளில் வைத்து, பேர் சொல்லி, கேட்டு, நின்றார். எல்லோரும் நின்றார்கள். வெகுநேரம் கழித்து அவர் முகம் மாறியது. "வேண்டாங்கறாங்க" என்றார்.

வலப்பக்கம் திரும்பினால் புருஷன் முகத்தைப் பார்த்துப் படுக்க வேண்டும். அது முதலில் ஹிலரிக்குத்தான் உறைத்தது. மெத்தைகளை ஒன்றன்மேல் ஒன்றாக இருவருக்கும் நடுவே முகம் மறைகிற உயரத்துக்கு அடுக்கினார். கீத் மறுபடி கேட்டார். இந்தத் தடவை சீமாட்டி பஞ்சுபோலத் திரும்பினாள். கறிக்கடைக்காரர் கையை எடுக்க மனமில்லாமல் அப்படியே நின்றார். பிறகு ஏப்ரனில் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அடுத்த தடவையும் தானே வரட்டுமா என்று கேட்டார். சர் கில்பர்ட்டையும் முறைப்படி கேட்டார்கள். அவரிடமிருந்து பதில் இல்லை. ஆண் நோயாளிகளில் இப்படி உண்டு, எனக்கு ஒன்றுமில்லை என்றே கிடப்பார்கள், கேட்டுக்கொண்டே இருக்க வேண்டியதுதான் என்றாள் எமிமாள்.

போன் அடித்தது.

"அக்கா, கோவத்துல வச்சிட்டேன்" என்றாள் ராகேல். "பெரட்டுத நேரம். ஆறே முக்கால் ஆச்சு. எனக்குக் கையே ஓடமாட்டேங்கு. தொட்டா மொனங்குதா, கட்ட மாதிரி வெறச்சிக்கிடுதா."

"கேட்டியா?"

"யார?"

"அம்மைகிட்ட. இந்தப் பக்கம் திருப்பட்டுமான்னு."

"அவளுக்குத்தான் பேச்சே கெடயாதேக்கா."

"கேளு, ராகேல். தோள்ல கைய வச்சிக் கேளு. கேட்டுட்டு ஒண்ணும் செய்யாத, சும்மா நில்லு. நானும் லைன்ல நிக்கேன்."

போனைக் கட்டிலில் வைக்கிற சத்தம் கேட்டது. ஃபேன் சுற்றுகிற சத்தம், தெருவில் எவனோ பைக்கை முறுக்கிக்கொண்டு போகிற சத்தம், பிறகு வெகு தூரத்திலிருந்து ராகேலின் குரல். "எம்மா, அந்தப் பக்கமா ஒன்னத் திருப்பட்டுமா?" பிறகு ஒன்றுமே இல்லை. ஃபேன் மட்டும் சுற்றியது. எமிமாள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு நின்றாள். டீனும் மால்கமும் ஹிலரியும் அவள் யாரோடு பேசுகிறாள், என்ன பேசுகிறாள் என்று புரியாமலே, அது காத்திருக்கிற நேரம் என்பது மட்டும் புரிந்து, அவர்களும் அசையாமல் நின்றார்கள்.

ராகேல் அழுகிற சத்தம் கேட்டது.

"என்னாச்சுட்டீ?"

"என் கையப் பிடிச்சிட்டாக்கா. அவளே பிடிச்சா. வேண்டாம்னு சுவத்துப் பக்கம் இழுத்தா. அவ டிவி பாக்கட்டும்னு நான் மல்லாக்கவும் வாசப் பக்கமாவுமால்லா போட்டுட்டு இருந்தேன், அவளுக்கு வாறவன் போறவன் பாக்குதது கூச்சமா இருந்திருக்கு போல. ஆறு மாசமா மூட்டையப் பெரட்டுத மாதிரி பெரட்டிருக்கேன், அக்கா. ஒரு நாக்கூட கேக்கலியே."

"அழாத. நான் மட்டும் என்ன, பக்கத்துலயா இருந்தேன்?"

"இப்ப சுவரப் பாத்துப் படுத்துட்டா. மொனங்கவே இல்ல."

எமிமாள் போனை வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றாள். ஹிலரி ஒரு கைக்குட்டையைக் கொடுத்துவிட்டுத் தள்ளிப் போனார்.

மூன்றேகால் தடவைக்கு அவள் கை தேவைப்படவில்லை. அதற்குள் ஒரு தாளில் கட்டம் போட்டு, நூலில் பென்சில் கட்டித் தொங்கவிட்டு, பேர் எழுத ஆரம்பித்துவிட்டார்கள். கறிக்கடை கீத், முடி அலங்காரம் செய்கிற ஒரு பெண், மேட்டுக்கு வருகிற பஸ்ஸை ஓட்டுகிறவர், ஒரு வக்கீல், இரட்டைப் பிள்ளைகளை வண்டியில் தள்ளிக்கொண்டு வந்த ஒரு தாய். கீத் கேட்டார், காத்திருந்தார், திருப்பினார். எமிமாள் நாற்காலியில் இருந்தபடி பார்த்து, முழங்கால் மெத்தையை இன்னும் சற்றுக் கீழே இறக்கச் சொன்னாள். அவ்வளவுதான் சொல்ல இருந்தது.

டீன் வந்து அவள் முன்னால் குந்தி உட்கார்ந்தார். "வாரத்துக்கு ஒரு நாள் நீங்க வர முடியுமா? இந்தத் தாளில் முதல் பேரா உங்க பேரைப் போடணும்னு எல்லோருக்கும் ஆசை."

"முடியாது" என்றாள் எமிமாள். அந்த நாட்டில் அவள் அந்தச் சொல்லை அதுவரை யாரிடமும் சொன்னதில்லை, அது அவ்வளவு சின்னதாக இருக்கும் என்று அவளுக்குத் தெரியாது. "எனக்கு அங்க முப்பத்தோரு பேர் இருக்காங்க. இன்னைக்கு என்னோட லீவு."

டீனின் முகம் சிவந்தது. "உங்க லீவையா நாங்க…" என்றார்.

கோட்டை மதிலை ஐந்து மணிக்கு மூடுவார்கள். இப்போது போனால் ஒரு சுற்று நடந்து, ஒரு போட்டோ எடுத்து, மலை இறங்கி, ஐந்தரை ரயிலைப் பிடிக்கலாம். எமிமாள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, அவிழ்ந்து கிடந்த ஷூ கயிற்றைக் கட்டக் குனிந்தாள். குனிந்தவள் நிமிரவில்லை. கை கயிற்றில் இருக்க, நெற்றி முழங்காலில் இருக்க, அப்படியே தூங்கிப்போனாள். மால்கம் அவள் தோளில் கை வைத்து, படுக்கிறீர்களா என்று கேட்டு, காத்திருந்து, பிறகு ஹிலரியோடு சேர்ந்து நாலு நாற்காலிகளை ஒட்டிப் போட்டு, அவளை இடப்பக்கமாகப் படுக்கவைத்து, ஷூவைக் கழற்றி, தலைக்குப் பூ பின்னிய மெத்தையும் முழங்கால்களுக்கு நடுவே மீன் பின்னிய மெத்தையும் வைத்தார். வரிசை அவளைச் சுற்றிக்கொண்டு நகர்ந்தது. யாரும் போட்டோ எடுக்கவில்லை.

ஐந்தேகாலுக்குச் சீமாட்டியைத் திருப்பினார்கள். திருப்பிவிட்டு ஹிலரி கைக்கடிகாரத்தைப் பார்த்து, நாற்காலிகளின் பக்கம் பார்த்து, "இவங்களுக்கும் ரெண்டு மணி நேரம் ஆயிடுச்சே" என்றார். மால்கம் கேட்டார். எமிமாள் தூக்கத்திலேயே "ம்" என்றாள். அவளையும் திருப்பினார்கள்.

அதற்குப் பிறகு அந்த ஊரில் நடந்ததெல்லாம் அவள் பின்னால் கேள்விப்பட்டதுதான். தொடாதீர்கள் என்று எழுதியிருந்த பலகையை எடுத்துவிட்டு, கேட்டுவிட்டுத் தொடுங்கள் என்று எழுதிவைத்தார்கள். ஈஸ்டருக்கு ஏழு வாரம் கழித்து வரும் பெந்தெகொஸ்தே பண்டிகைக்குள் சீமாட்டியின் தோளிலும் குதிகாலிலும் புதுப் பளிங்கு மூடிவிட்டது, இடுப்புப் புண் மட்டும் அறுவடை வரை இழுத்தது. சர் கில்பர்ட் அப்படி என்னதான் செய்திருப்பார் என்று செங்குத்து மலைத் தெருக் கடைகளில் ஆண்கள் ஒரு கட்சியும் பெண்கள் ஒரு கட்சியுமாகக் கோடை முழுவதும் பேசினார்கள். பல வீடுகளில் அந்தப் பேச்சு வேறு பேச்சாக முடிந்தது. அவரைத் தினமும் கேட்கிறார்கள், அவர் இன்னும் பதில் சொல்லவில்லை. பட்டியலில் இடம் கிடைக்க எட்டு மாதம் காத்திருக்க வேண்டும் என்கிறார்கள். மேட்டு பஸ் ஓட்டுகிறவர், படுத்த படுக்கையாக இருந்த தன் தகப்பன் வீட்டுக்கு ஒன்பது வருஷம் கழித்துப் போனார் என்றும் சொல்கிறார்கள். சாயர்புரத்தில் ராகேல் மட்டும் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. கட்டிலைச் சுவர் ஓரமாக நகர்த்திப் போட்டாள்.

அன்றைக்கு எமிமாள் கண் விழித்தபோது பாட்டுச் சத்தம் கேட்டது. மாலை ஆராதனை. எங்கே இருக்கிறோம் என்று அவளுக்குத் தெரியவில்லை. யாரோ தன்னை வலப்பக்கமாகத் திருப்பி, முதுகுக்கு அணை கொடுத்து, ஒரு கறுப்பு அங்கியால் மூடியிருப்பது மட்டும் தெரிந்தது. வண்ணக் கண்ணாடியில் கடைசி வெயில் இருந்தது. மணி என்ன, ரயில் போயிற்றா, யார் யாரைத் திருப்ப வேண்டும் என்று பதறி எழப் போனாள். பக்கத்து நாற்காலியில் கறிக்கடை கீத் ஏப்ரனோடு உட்கார்ந்து, மடியில் கைக்கடிகாரத்தைக் கழற்றி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அடுத்த ரயிலுக்கு ரெண்டு மணி நேரம் இருக்கு" என்றார் அவர், பாட்டுக்கு இடைஞ்சல் இல்லாமல் மெல்ல. "ஸ்டேஷனுக்கு என் வேன்ல கொண்டுபோய் விடறேன். நடக்க வேண்டாம்." பிறகு சற்று யோசித்து, அவள் தோளுக்கு அருகே கையைக் கொண்டுபோய், தொடாமல் நிறுத்தி, கேட்டார்.

"இன்னும் கொஞ்ச நேரம் படுத்துக்கறீங்களா, டக்?"

அவர் காத்திருந்தார். பாடகர்கள் வேதத்துச் சங்கீதம் ஒன்றை முடித்து அடுத்ததைத் தொடங்கினார்கள். எமிமாள் வெகுநேரம் யோசித்தாள், அப்படி ஒரு கேள்வியை யோசித்து அவளுக்குப் பழக்கமில்லை.

"சரி" என்றாள்.